ஏழாம் எண் மரம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே யாரும் நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் எனக்கு இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நான் யார் என்பது உங்களுக்கு மறந்து போயிருக்கலாம். வருடத்துக்கு எத்தனையோ காடுகளுக்குப் போகிறவர் நீங்கள். போன கோடை விடுமுறையில் கேமராப் பெட்டிகளோடு வந்து எட்டு நாள் தங்கினீர்களே, அந்த வன விடுதியில் சமையல் செய்பவரின் மகள். அப்போது எட்டாவது முடித்திருந்தேன், இப்போது ஒன்பதாவது. "சார் எல்லாம் வேண்டாம், மாமான்னு கூப்பிடு" என்றீர்கள். எட்டு நாளும் அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அந்த வார்த்தை கையில் வரமாட்டேன் என்கிறது. ஐயா என்றே எழுதுகிறேன். அதுவும் மரியாதைக்காக இல்லை, வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால்.

இதைத் திருட்டுத்தனமாக எழுதுகிறேன். எல்லோரும் படுத்த பிறகு குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற அறை இது ஒன்றுதான். அப்பாவுக்கு இப்போதெல்லாம் தூக்கம் கிடையாது. அவர் இருமும்போதெல்லாம் நான் குழாயைத் திறந்துவிடுகிறேன். இதுவரை இரண்டு தடவை திறந்தாயிற்று. தாள் எங்காவது நனைந்திருந்தால் நான் அழுததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் பள்ளி அலுவலகத்திலிருந்து உங்களுக்குப் போன் செய்தேன். விடுதிப் பதிவேட்டில் உங்கள் எண் இருந்தது. வன விடுதியிலிருந்து பேசுகிறேன் என்று நான் சொன்னதுதான் தாமதம், ராங் நம்பர் என்று வைத்துவிட்டீர்கள். அது ராங் நம்பர் இல்லை. எனக்குக் குரல் மறக்காது. நாங்கள் பாதிப் பறவைகளைக் குரலை வைத்தே அடையாளம் கண்டுபிடிப்போம்.

முதலில் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. நீங்கள் வந்திருந்த எட்டு நாளும் அவர் காட்டின் அந்தப் பக்கம் தீத்தடுப்பு வேலையில் இருந்தார். பதினாறு வருடமாக வனக் காவலர். இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறார். சட்டை, பெல்ட், பூட்ஸ், மழைக்கோட்டு, டார்ச் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். எனக்கு நினைவு தெரிந்து அவர் பகல் நேரத்தில் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது இருக்கிறார். எல்லாக் கதவுக்கும் எண்ணெய் விட்டுவிட்டார். இனி எண்ணெய் விடுவதற்குக் கதவு இல்லை.

காரணம் உங்கள் படம். முதல் பரிசு வாங்கியதாமே, வாழ்த்துக்கள். அந்தப் படம் சுவரொட்டியாக எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. கீழே பெரிய எழுத்தில் 'காட்டின் அதிசயம்' என்று போட்டிருந்தது. ஆண் இருவாச்சி மரப்பொந்தின் கீறலுக்குள் அலகை விட்டுப் பழம் ஊட்டுகிறது. உள்ளே இருக்கும் பெண் பறவையின் அலகு நுனி மட்டும் தெரிகிறது. நல்ல படம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

எங்கள் ரேஞ்சர் அதை மேஜைமேல் விரித்து வைத்து எல்லாக் காவலர்களையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இது நம்ம காடு மாதிரி இருக்கே, எந்த இடம் என்று. ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஒரு மரப்பட்டை, ஒரு பொந்து, ஒரு பறவை. எங்கள் அப்பாவும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் அவர் பார்த்த உடனே, "இது ஏழாம் எண் மரம், என் எல்லைதான்" என்று சொல்லிவிட்டார். அவரைத் தவிர உலகத்தில் யாராலும் அந்தப் பட்டையை அடையாளம் சொல்லியிருக்க முடியாது. சொன்ன வாயாலேயே மாட்டிக்கொண்டார். உன் எல்லையில், தடை செய்த இடத்தில், வெளியாள் போய் உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறான், யார் காட்டியது என்று அடுத்த கேள்வி வந்தது.

கூடு இருக்கும் மரங்களுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை, எண்தான். பதிவேட்டிலும் எண் மட்டும்தான் இருக்கும், இடம் இருக்காது. ஒரு தடவை போன வழியில் மறு தடவை போகக்கூடாது, ஏனென்றால் தடம் விழும். நாற்பது அடி தள்ளி வேறொரு மரத்தின் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆண் பறவை எத்தனை தடவை வந்து ஊட்டுகிறது என்று எண்ணுவதற்கு அப்பா இடது பையில் பத்து விதைகள் வைத்திருப்பார். ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றை வலது பைக்கு மாற்றுவார். தாளில் கோடு போட்டால்கூட பேனா பளபளக்கும் என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார். அவர் எனக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். வேறு யாரோடாவது அந்த மரத்தைக் கடந்து போக நேர்ந்தால் தலையைத் தூக்கக்கூடாது. "நாம அண்ணாந்து பார்த்தா ஊரே அண்ணாந்து பார்க்கும்" என்பார்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் மூன்று நாள் நீங்கள் ஜீப்பில் சுற்றினீர்கள். திரும்பி வந்து, "ஒண்ணுமே இல்லையேம்மா உங்க காட்டுல" என்று என் அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டீர்கள். கடைக்காரன் எடையில் ஏமாற்றிவிட்ட மாதிரி பேசினீர்கள். நான் அடுக்களை வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் காட்டில் ஒன்றுமில்லையா! மறுநாள் காலையில் நான்தான் வலிய வந்து உங்களிடம், நான் காட்டுகிறேன் என்றேன். நீங்கள் கூப்பிடவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். காவலர் இல்லாமல் விருந்தினரைப் பாதைக்கு வெளியே கூட்டிப்போகக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் எதையெல்லாம் காட்டினேன் என்று நினைவிருக்கிறதா? இலையோடு இலையைச் சேர்த்துத் தைக்கும் எறும்புகள். பெரியவை ஓரத்தைப் பிடித்து இழுக்க, மற்றவை தங்கள் புழுக்களையே ஊசி மாதிரி பிடித்துக்கொண்டு அந்த நூலால் தைப்பதைக் காட்டினேன். கரடி தேனுக்காக ஏறிய மரம். ஏறும்போது நகம் புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும், இறங்கும்போது வழுக்கி நீளக் கோடாக இழுபட்டிருக்கும். விழுந்து கிடந்த மரத்தில் தட்டுத் தட்டாக ஆரஞ்சு நிறக் காளான். மதியம் கொஞ்ச நேரம் மட்டுமே வெயில் விழும் ஓடை மணல், அங்கே வந்து உட்காரும் நூற்றுக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகள். நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டபோது ஓடையே கிளம்பிப் பறந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் நீங்கள் அற்புதம், அற்புதம் என்றீர்கள். நான் ஒவ்வொரு அற்புதத்துக்கும் ஒரு அடி உயர்ந்தேன். அம்மா வைத்த சூப்புக்கும் நீங்கள் அதே அற்புதத்தைத்தான் சொன்னீர்கள் என்பது எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வழியெல்லாம் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். ஒரு மரம் விடாமல் மேலே கையைக் காட்டினேன். பிறகு ஏழாம் எண் மரம் நிற்கும் அந்த வளைவு வந்தது.

நான் சட்டத்தை மீறவில்லை. தலையைத் தூக்கவே இல்லை. பேச்சை நிறுத்தினேன், கால் விரலைப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அப்பா சொல்லிக்கொடுத்தது அப்படியே. நீங்கள் ஷூ நாடாவைக் கட்டுவதற்காகக் குனிந்தீர்கள். நிமிர்ந்தபோது சிரித்தீர்கள். "ஏன், பேச்சு நின்னு போச்சு?" என்று கேட்டீர்கள். கால் வலிக்கிறது என்றேன். "அப்படின்னா இங்கேயே கொஞ்சம் உட்காருவோம்" என்றீர்கள்.

காலை முழுக்க எல்லா மரத்தையும் அண்ணாந்து பார்த்த பெண், ஒரே ஒரு மரத்தை மட்டும் பார்க்காமல் போனால் அந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். இது அப்பாவுக்கு இத்தனை வருடத்தில் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றிவிட்டது.

பத்து நிமிஷத்தில் ஆண் பறவை வந்தது. அதன் இறக்கைச் சத்தம் பெரிய தார்ப்பாயை இரண்டு பேர் உதறுகிற மாதிரி கேட்குமே, அதுவே போதுமே உங்களுக்கு. பெரிய லென்சைத் திருகி வைத்து, முதலில் என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். மண் பூசி அடைத்த பொந்து, இரண்டு விரல் அகலக் கீறல், அதற்குள்ளே ஒரு கண். அது இமைத்தது. நாற்பது அடி தள்ளி நின்று மூன்று வருடமாகப் பார்க்கிறேன், நான் அந்தக் கண்ணைப் பார்த்ததே இல்லை. அதைக் காட்டியதற்காக உங்களை முழுசாக வெறுக்க முடியவில்லை. அந்தக் கோபமும் உங்கள் மேல்தான் இருக்கிறது.

நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். திரும்பி வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து நீங்கள் தனியாகப் போனீர்கள். ஏரிப் பக்கம் போவதாக விடுதியில் சொல்லியிருந்தீர்கள். இரண்டாம் நாள் எனக்கு மனசு கேட்காமல் வந்து பார்த்தேன். மரத்தடியிலேயே பச்சைக் கூடாரம். பொந்தை மறைத்துத் தொங்கிய கொடிகளை எல்லாம் வெட்டிக் குவித்திருந்தீர்கள். ஆண் பறவை எதிர் மரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. தொண்டை நிறைய அத்திப்பழம். ஒவ்வொன்றாக மேலே கொண்டுவரும், அலகு நுனியில் வைத்துக்கொண்டு கூட்டைப் பார்க்கும், மறுபடி விழுங்கும். உங்கள் பிளாஷ் அடித்தது. அது போய்விட்டது. கொஞ்சம் தள்ளிப் போங்கள் மாமா என்று நான் கெஞ்சினேன். "பழகிடும், பழகிடும். நீ சும்மா இரு" என்றீர்கள். நான் சும்மா இருந்தேன். நீங்கள் செய்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது என்றால் அது இதுதான்.

அந்தப் பெண் பறவை உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியதை நான் படித்தேன். தாய்மை, தியாகம், காதல் என்று என்னென்னவோ எழுதியிருந்தீர்கள். இதை மட்டும் எழுதவில்லை. உள்ளே போய்த் தன்னை அடைத்துக்கொண்டதும் அதன் இறக்கைச் சிறகெல்லாம் கொட்டிவிடும். புதிதாக முளைக்கும் வரை அதனால் பறக்க முடியாது. ஆண் வந்தால்தான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. ஆண் வராவிட்டால் ஒன்று உள்ளேயே கிடந்து சாக வேண்டும், இல்லை என்றால் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

நீங்கள் கிளம்பிப் போன மறுநாள் நான் போனேன். பொந்தை அடைத்திருந்த மண் ஓடு மரத்தடியில் உடைந்து கிடந்தது. பெண் பறவை தரையில் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய பறவை, கோழி மாதிரி தத்தித் தத்தி நடந்தது. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குருத்துக் குருத்தாக நீல முளைகள். என்னைப் பார்த்து அலகைத் திறந்தது. மேலே குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. நான் கூடை எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். அப்பா ஊரில் இல்லை. அம்மா விடுதியில் இருந்தாள். ஓட்டமாக ஓடித் திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. புதர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போன தடம் இருந்தது. எந்த மிருகம் என்று தடத்தைப் பார்த்தால் தெரியும். நான் பார்க்கவில்லை. குஞ்சு அன்று சாயங்காலம் வரை கத்தியது. அடுத்த நாள் கத்தவில்லை.

அப்பா திரும்பி வந்து பார்த்துவிட்டு, "ஏழு: கூடு அழிந்தது. கொடி வெட்டப்பட்டுள்ளது. ஆள் தெரியவில்லை" என்று பதிவேட்டில் எழுதினார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஆண் பறவை இன்னும் பழத்தைக் கொண்டுவந்து காலிப் பொந்தின் முன்னால் உட்காருகிறது என்று அம்மாவிடம் சொன்னார். நான் போர்வைக்குள் இருந்தேன்.

இப்போது எங்கள் குடியிருப்பு எப்படி இருக்கிறது என்பதையும் கேளுங்கள். எட்டு வீடு, ஒரு குழாய். அம்மா முதலில் போய்க் குடத்தை வைத்தாலும், அவள் திரும்புவதற்குள் அது வரிசையின் கடைசியில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "பெரிய இடத்து விருந்தாளி எல்லாம் பழக்கம், அவங்களுக்கு எதுக்குக் குழாய்த் தண்ணி" என்று காதுபடச் சொல்கிறார். பள்ளி வேன் டிரைவரை நாங்கள் ஹாரன் என்போம். கோழிக்குஞ்சு குறுக்கே வந்தாலும் ஊர் அதிர அடிப்பவர். அவர் என்னைக் கண்டால், "வந்துட்டாங்கப்பா காட்டின் அதிசயம், வழி விடுங்க" என்கிறார். வேனில் எல்லோரும் கையை விரித்து இறக்கை அடிக்கிறார்கள். என் பக்கத்தில் உட்காரும் தோழி இப்போது முன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

அதெல்லாம் பரவாயில்லை. வீட்டுக்குள் நடப்பதுதான் தாங்க முடியவில்லை.

அந்த மரம் இருக்கும் இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்பா, அம்மா, நான். அப்பா ரேஞ்சரிடம், "என் பொண்ணு தலையைத் தூக்கவே மாட்டா சார், அவளை நான் வளர்த்த விதம் அப்படி" என்று சொல்லியிருக்கிறார். மூன்று பேரில் தன்னைக் கழித்து, என்னைக் கழித்தால் மிச்சம் யார்? அம்மாதான் விடுதியில் வேலை செய்கிறாள். அம்மாதான் உங்களுக்குச் சாப்பாடு போட்டாள். அப்பா இப்போது அம்மாவோடு நேராகப் பேசுவதில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு, சட்டை காயலை" என்று என்னிடம் சொல்வார். ஒரு நாள் மட்டும் நேராகப் பேசினார். "விருந்தாளி ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசினா உனக்கு உலகமே மறந்து போயிடும்" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு கிண்டிக்கொண்டே இருந்தாள்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எப்படித் தெரியும் என்றால், உங்களால். பரிசு வாங்கிய பிறகு விடுதி முகவரிக்கு எனக்கு ஒரு பார்சல் அனுப்பினீர்கள். அந்தப் படத்தின் பெரிய பிரதி, பின்னால் உங்கள் கையெழுத்து, 'வழி காட்டிய என் குட்டித் தோழிக்கு' என்று. அம்மாதான் பிரித்தாள். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. படத்தை நாலாக மடித்து அடுப்பில் வைத்தாள். அது வளைந்து எரிந்தது. நான் மேலுறையை மட்டும் எப்படியோ எடுத்து வைத்துக்கொண்டேன். உங்கள் முகவரி அதில்தான் இருந்தது. அப்பா பக்கம் பேச உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கையெழுத்துதான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

அன்றைக்கு அம்மா என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். "உங்கப்பாவுக்கு என் மேல கோபம் வந்தா ஆறிடும். உன் மேல வந்தா ஆறாதுடி" என்றாள். நான் இப்போது எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தச் சத்தியத்தை மீறுகிறது. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுவில் எழுந்து போய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். விடுகிறாள்.

பன்னிரண்டாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வருகிறார். அப்பா எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். அப்பாவின் கையெழுத்து அவருக்கே புரியாது. விடுப்பு விண்ணப்பம் முதல் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். இன்று சாயங்காலம் என்னை உட்கார வைத்து அவர் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். 'மேற்படி மரம் இருக்குமிடம் எனக்கும் என் மனைவிக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். மகள் சிறு வயது முதல் என்னிடம் பயிற்சி பெற்றவள், அவள் மூலம் தெரிந்திருக்க வழியில்லை. விடுதியில் பணிபுரியும் என் மனைவி வாய் தவறி விருந்தினரிடம் கூறியிருக்கலாம்.'

அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அம்மா அதே அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எழுதுடி. உங்கப்பா சொல்றதை அப்படியே எழுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வாய் தவறின்னு போட்டிருக்கா? அது போதும்" என்றாள். அப்பா முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. நான் எழுதினேன். என் கையால் எழுதினேன், ஐயா. தமிழ் ஆசிரியை எல்லோருக்கும் காட்டும் என் முத்து முத்தான எழுத்தில் எழுதினேன்.

அந்தத் தாள் போனால் அம்மாவின் வேலை போய்விடும். வேலைகூடப் போகட்டும். அப்பாவும் அம்மாவும் இனி ஒரே வீட்டில் எப்படி இருப்பார்கள்? தாளில் வேண்டுமென்றே மையைக் கொட்டி, வேறு எழுதித் தருகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் மை கொட்ட முடியும்?

நீயே போய்ச் சொல்லேன் என்று நீங்கள் கேட்கலாம். சொன்னேன். சத்தியத்தையும் மீறி ரேஞ்சரிடம் போய்ச் சொன்னேன். நான் அவருக்கு எதுவும் சொல்லவில்லை சார், கையைக்கூடக் காட்டவில்லை, அந்த மரத்தைப் பார்க்காமல் நடந்தேன், அதிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பார்க்காமலே காட்டிட்டியா? அப்பனைக் காப்பாத்தக் கதை விடுறதுன்னா நல்லாவாவது விடணும். போம்மா, போய்ப் படி" என்று ஒரு பிஸ்கட் கொடுத்து அனுப்பினார். அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ என்று மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லவில்லை. சொல்கிற அளவுக்குக்கூட அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

நான் செய்த தப்பை நான் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அந்த வளைவில் இருந்தது இரண்டே பேர். இன்னொருவர் நீங்கள்.

உங்களுக்கு ஒன்றும் ஆகாது. விசாரித்துவிட்டேன். விருந்தினர் அத்துமீறினால் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான். பரிசையும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டாம், என்ன எழுத வேண்டும் என்று நானே சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் விண்ணப்பம் எழுதிப் பழக்கம் ஆயிற்றே. 'அந்தக் காவலரை நான் பார்த்ததில்லை. அவர் மனைவி எனக்குச் சாப்பாடு பரிமாறினார், வேறு எதுவும் பேசவில்லை. அவர்கள் மகள் யாருக்கும் தெரியாமல் என்னைக் காட்டுக்குள் கூட்டிப்போனாள். கூட்டை நான் அவள் நடையிலிருந்து கண்டுகொண்டேன். கொடிகளை வெட்டியது நான். தள்ளிப் போகும்படி அவள் கேட்டும் போகாதது நான்.' கடைசி வரி பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். மகள் என்ற வரியை மட்டும் விடாதீர்கள். விசாரணை அலுவலகத்தின் முகவரியை இத்துடன் தனித்தாளில் எழுதி, தபால்தலையும் வைத்திருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் கடிதம் வந்து, அதை அந்த அதிகாரி உரக்கப் படித்து, அப்பா என் பக்கம் திரும்புகிற நிமிஷத்தைத் தினமும் நினைத்துப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று நினைக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போக மாட்டார். அது நிச்சயம். என்னோடும் யாரையாவது விட்டுத்தான் பேசுவாராக இருக்கும். இருக்கட்டும். அம்மாவை விட்டுச் சொல்லி அனுப்பினால்கூட, அவர்கள் இரண்டு பேரும் அப்போது பேசியாக வேண்டும்.

உங்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேனா என்று தெரியவில்லை. அப்பா மறுபடி இருமுகிறார், குழாயைத் திறக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நாளை மதிய இடைவேளையில் தபாலில் சேர்ப்பேன். நான்கு நாளில் உங்கள் கையில் இருக்கும்.

நீங்கள் இன்னும் எத்தனையோ காடுகளைப் பாருங்கள். எத்தனையோ பரிசு வாங்குங்கள். நீண்ட காலம் நன்றாக இருங்கள். ஆனால் பன்னிரண்டாம் தேதிக்குள் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
வனக் காவலரின் மகள்